தேய்தடம்: விலையுயர்ந்த திரை வாங்குகிறவருக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழை ஓர் எளிய கேள்வியில் தொடங்கியது. தமிழ் நூல்களை மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைப்பதும் வேலை, ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி நல்ல கணினித்திரை வேண்டும், ஓலெட் (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) வாங்கலாமா என்று தம்பி கேட்டார். அதற்குள் பேச்சு, நெடுநாள் ஓரிடத்தில் நின்ற படத்தின் சுவடு திரையில் நிலைத்துவிடுகிற 'பர்ன்-இன்' குறையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டது. திரும்பியதில் தவறில்லை. ஓலெட்டா, பின்னொளி வைத்த எல்சிடியா என்கிற முடிவில் பாதி, இந்த ஒரு குறையை அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதில் இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் ஆங்கிலச் சொல் அதைப் புரியவைப்பதில்லை.

இதுவரை வந்தவை: எரிபதிவு, திரைத்தழும்பு, பேயுரு.

> எரிபதிவு என்றால் ஆங்கிலத்தோடு ஒட்டி இருக்கும். கற்பிக்க எளிது.

ஐயா, அந்த ஒட்டுதல்தான் எனக்கு இடிக்கிறது. இன்றைய திரையில் எதுவும் எரிவதில்லை. பழைய படக்குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கும்போது, கண்ணாடியின் உட்பக்கம் பூசிய பாஸ்பர் ஒளிரும் திறனை இழக்கும். ஏடிஎம் திரைகளிலும் விமான நிலைய அறிவிப்புத் திரைகளிலும் அணைத்த பிறகும் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தது அதனால்தான். அங்கேயாவது 'சுட்டது' என்று சொல்ல ஒரு சாக்கு இருந்தது. ஓலெட்டில் அதுவும் இல்லை. அதன் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்கிற கரிமச் சேர்மம். ஒளிர ஒளிர அதன் திறன் குறைகிறது, நீலம்தான் முதலில் சோர்கிறது. திரை முழுவதும் ஒரே சீராகக் குறைந்தால் யாருக்கும் தெரியாது. பணிப்பட்டை, உலாவியின் தாவல்கள், மென்பொருளின் கருவிப்பட்டை எல்லாம் நாள் முழுக்க ஓரிடத்திலேயே நிற்கின்றன. அந்த இடத்துப் புள்ளிகள் அக்கம்பக்கத்தை விடக் கூடுதலாக உழைத்துக் களைக்கின்றன. பிறகு முழுத்திரைக்குச் சாம்பல் நிறம் கொடுத்துப் பார்த்தால் பணிப்பட்டை இருந்த இடம் கோடாகத் தெரியும். ஆக நடப்பது சீரற்ற தேய்மானம்.

இன்னொன்று. புதிய கருவியை முழுச் சுமையில் பல மணி நேரம் ஓடவிட்டு, சீக்கிரம் பழுதாகக்கூடியவற்றைக் கழிக்கிற சோதனைக்கும் ஆங்கிலத்தில் பர்ன்-இன் என்றே பெயர். அங்கே எரியவும் இல்லை, எதுவும் பதியவும் இல்லை. 'எரிபதிவு' என்று அகராதியில் ஏற்றினால், அதை எடுத்து அந்தச் சோதனைக்கும் ஒட்டிவிடுவார்கள்.

> தழும்பு எல்லாருக்கும் தெரிந்த சொல். திரைத்தழும்பு என்றால் விளக்கமே வேண்டாம்.

அக்கா, எனக்கும் பிடித்த சொல்தான் இது. ஆனால் தழும்பு என்றால் புண் ஆறிவிட்டது என்று பொருள். நம் குறை ஆறுவதில்லை, நின்றுவிடுவதும் இல்லை. அதே பணிப்பட்டையோடு வேலையைத் தொடர்ந்தால் இன்னும் ஆழமாகிறது. தழும்புக்குக் காரணம் ஒரே ஒரு விபத்தாக இருக்கும், இங்கே அப்படி ஒரு நாளைச் சுட்டிக்காட்ட முடியாது.

பேயுரு வேண்டாம். கணினி விளையாட்டு ஆடுபவர்கள் 'கோஸ்டிங்' என்பது வேறு. நகரும் பொருளுக்குப் பின்னால் எல்சிடியில் இழுபடுகிற மங்கல் அது. படிகங்கள் நிலைமாறச் சோம்பல்படுவதால் வருவது. அதற்கு வேண்டுமானால் பேயை வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு: தேய்தடம்.

வினைத்தொகை. தேய்ந்த தடம், தேய்கின்ற தடம், தேயும் தடம் என்று மூன்று காலத்துக்கும் விரியும். இந்தக் குறைக்கு மூன்று காலமும் தேவைப்படுகிறது. இதுவரை உழைத்ததால் வந்தது, இப்போதும் நடக்கிறது, இனியும் வளரும். எழுதும்போது நடுவில் ஒற்று மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'தேய்த்தடம்' என்று எழுதினால் வினைத்தொகை கெட்டுவிடும்.

> தேய்தடம் என்றால் துணியால் அழுத்தித் துடைத்ததில் விழுந்த கீறல் என்று நினைக்க மாட்டார்களா?

நியாயமான ஐயம். ஆனால் தேய்வது என்றாலே உராய்வது என்று தமிழர் யாரும் நினைப்பதில்லை. தேய்பிறை என்று நாள்காட்டியில் பார்க்கிறோம். நிலவை யாரும் துணி போட்டுத் துடைப்பதில்லை, ஒளி குறைகிறது, அவ்வளவுதான். நமக்கு வேண்டிய பொருளே அது. வினையும் தானாக வருகிறது: 'திரையில் தேய்தடம் விழுந்துவிட்டது.' 'எரிபதிவு ஏற்பட்டுவிட்டது' என்பதை யார் வாயால் சொல்வார்?

இதன் உடன்பிறப்பையும் இப்போதே பிரித்துவிடுவது நல்லது. எல்சிடியில் ஒரே படம் நெடுநேரம் நின்றால், அயனிகள் ஒருபக்கம் ஒதுங்கி, படத்தை மாற்றிய பிறகும் பழையது சற்று நேரம் மங்கலாகத் தெரியும். அணைத்து வைத்தாலோ படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டாலோ பெரும்பாலும் போய்விடும். கடைகளில் இதையும் பர்ன்-இன் என்றே சொல்லிவிடுகிறார்கள், வாங்குபவர் வீணாகப் பயப்படுகிறார். இதற்குத் தங்குநிழல் என்று வைக்கலாம். தங்கும், கிளம்பிவிடும். தேய்தடம் கிளம்பாது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னாலே வேறுபாடு விளங்கும்.

அப்புறம், 'பிக்சல் ரெஃப்ரெஷ்'. ஓலெட் திரை சும்மா இருக்கும்போது தானாக ஓடுகிற பராமரிப்பு இது. புள்ளிகளின் நிலையை அளந்து, தளர்ந்தவற்றைக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டி மற்றவற்றோடு சமப்படுத்துகிறது. போன ஒளித்திறனை மீட்டுத் தருவதில்லை. இதைப் 'படப்புள்ளிப் புதுப்பிப்பு' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். இரண்டு சிக்கல். ஒன்று, புதிதாகிவிடும் என்று பொய் நம்பிக்கை தருகிறது. இரண்டு, வினாடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்று சொல்லும் 60 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ் என்பதற்குப் புதுப்பிப்பு வீதம் என்று ஏற்கெனவே புழங்குகிறோம், இரண்டும் முட்டிக்கொள்ளும். சமன்செய்வு என்றால் போதும்.

எதிர்த்தரப்பான எல்சிடியில் கறுப்பை ஆழமாக்க ஒரு வழி உண்டு, அதற்கும் சொல் வேண்டும். சில உயர்விலை எல்சிடி திரைகளில் பின்னொளி ஒரே பலகையாக இல்லாமல் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். படத்தில் இருட்டான இடத்தில் அந்தப் பகுதியின் விளக்கு மட்டும் மங்கும். ஆங்கிலத்தில் 'லோக்கல் டிம்மிங்' என்கிற இதற்கு 'வட்டார மங்கல்' என்று வந்திருக்கிறது. எனக்கு அது மின்வெட்டு அறிவிப்பு மாதிரி கேட்கிறது. வரப்பு கட்டிப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் என்று மடை திறக்கிற வேலைதான் இங்கே ஒளிக்கு நடக்கிறது. ஆகவே பாத்திப் பின்னொளி. விளம்பரத்தில் இருக்கிற எண்ணையும் அப்படியே படிக்கலாம். 2019-இல் ஆப்பிள் வெளியிட்ட புரோ டிஸ்பிளே எக்ஸ்டிஆர் திரையில் 576 பாத்திகள், 6016 × 3384 படப்புள்ளிகள். வகுத்தால் ஒரு பாத்திக்கு 35,344 புள்ளி. 1,152 பாத்தி உள்ள 4கே (3840 × 2160) திரையில் ஒரு பாத்திக்கு 7,200. ஆயிரம் என்று விளம்பரத்தில் கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது, ஆனால் 7,200 புள்ளியும் ஒன்றாகத்தான் ஏறி இறங்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சுட்டி நகரும்போது அதைச் சுற்றிச் சாம்பல் வட்டம் கூடவே வருவது இதனால்தான். இதற்கு ஒளிக்கசிவு என்பதே போதும், வரப்பைத் தாண்டிக் கசிகிறது என்று பொருளும் பொருந்துகிறது. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி என்பதால் இந்தக் கசிவு கிடையாது. அந்தச் சுத்தமான கறுப்புக்குத்தான் ஆட்கள் தேய்தடத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். 2022-இல் வந்த ஏலியன்வேர் 34 அங்குல ஓலெட் திரைக்கு டெல் 3 ஆண்டு உத்தரவாதம் கொடுத்து, தேய்தடத்தையும் அதில் சேர்த்தது. அதன் பிறகு இந்தச் சந்தையில் அது கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

இணைப்புகள் பற்றிச் சுருக்கமாக. துளைக்குத் துறை, முனைக்கு இணைப்பி, கம்பிக்கு வடம் என்று முன்பே ஓரளவு ஒத்துக்கொண்டோம். எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட், யூஎஸ்பி-சி ஆகியவற்றைப் பெயர்ச்சொல்லாக அப்படியே விட்டுவிடலாம். சொல் தேவைப்படுவது 'பேண்ட்வித்' என்பதற்கு. பட்டையகலம் என்பது வானொலிக்குச் சரி, வடம் வாங்குகிறவருக்குப் பிடிபடாது. ஒரு வினாடிக்கு எவ்வளவு கடத்தும் என்பதுதானே கேள்வி, கடத்தளவு என்போம். கணக்கு இப்படி: 4கே திரையில் 82,94,400 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 30 பிட் நிறம், வினாடிக்கு 240 முறை என்றால் கிட்டத்தட்ட 60 கிகாபிட். டிஸ்பிளேபோர்ட் 1.4-இன் கடத்தளவு 32.4, எச்டிஎம்ஐ 2.1-க்கு அதிகபட்சம் 48, டிஸ்பிளேபோர்ட் 2.1-க்கு அதிகபட்சம் 80. முதல் இரண்டிலும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். பெட்டியில் 'எச்டிஎம்ஐ 2.1' என்று இருப்பதை நம்பிவிடக் கூடாது. அந்தத் தரத்தின் பல வசதிகள் கட்டாயமில்லை, பழைய வேகத்திலேயே ஓடுகிற துறைக்கும் 2.1 என்று பெயர் போட இடமிருக்கிறது. பதிப்பு எண்ணைக் கேட்காமல் கடத்தளவைக் கேட்க வேண்டும். யூஎஸ்பி-சி இன்னும் மோசம். முனை ஒரே வடிவம், ஆனால் கைப்பேசியோடு வந்த வடம் பெரும்பாலும் மின்னேற்றவும் கோப்புகளை மாற்றவும்தான் உதவும், திரைக்குப் படத்தைக் கடத்தாது. மெய்ப்புப் பார்க்க 60 ஹெர்ட்ஸ் தாராளம் என்பதால் தம்பிக்கு இதில் பெரிய கவலை இல்லை. மடிக்கணினிக்கு ஒரே வடத்தில் படமும் 90 வாட் அளவுக்கு மின்சாரமும் வருகிற திரையாகப் பார்த்தால் மேசை சுத்தமாக இருக்கும்.

இப்போது அவருடைய கேள்வி. தம்பி, உங்கள் வேலைக்கு ஓலெட் வேண்டாம் என்பேன். கருவிப்பட்டை அசையாமல் நிற்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளை நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கிறீர்கள், தேய்தடத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அதோடு பல ஓலெட் திரைகளில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்புள்ளிகள் வழக்கமான வரிசையில் இருப்பதில்லை, எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரியும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளிதான் மெய்ப்பாளரின் உயிரை எடுப்பது. 24 அங்குல முழு எச்டி திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 படப்புள்ளி. அதில் சிறிய எழுத்தில் 'க்' என்பதன் புள்ளி மேற்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். 27 அங்குல 4கே திரையில் 163, 27 அங்குல 5கே (5120 × 2880) திரையில் 218. உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் இந்த அடர்த்திதான். கறுப்பின் ஆழம் அதற்கு அடுத்தது. எல்சிடியில் ஒரு வகையான சாதாரண ஐபிஎஸ் திரையின் ஒளிவேறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) சுமார் 1000:1, ஐபிஎஸ் பிளாக் எனப்படும் வகை 2000:1-உம் அதற்கு மேலும் தருகிறது. அந்த வகையில் 27 அங்குல 4கே எடுத்தால் உங்கள் கணக்கில் மிச்சமே விழும்.

5கே ஆசை இருந்தால் விலையைத் தாங்கியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 2022-இல் வந்த ஆப்பிள் ஸ்டூடியோ டிஸ்பிளே இந்தியாவில் ₹1,59,900-க்குத் தொடங்கியது. உயரத்தை மாற்றுகிற தாங்கிக்குத் தனிக்காசு. எச்டிஎம்ஐ துறையே கிடையாது, ஒரு தண்டர்போல்ட்டும் (யூஎஸ்பி-சி வடிவிலேயே இருக்கும் வேகமான துறை) மூன்று யூஎஸ்பி-சியும்தான். உங்கள் கணினி எது என்று நீங்கள் சொல்லவில்லை, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புரோ எக்ஸ்டிஆரின் தாங்கி மட்டும் 999 டாலர் என்று அறிவித்தபோது ஊரே சிரித்தது, ஆனால் விற்கவும் செய்தார்கள். ஜிஎஸ்டி வரியைப் பொறுத்தவரை முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைக்கு 28 விழுக்காடு இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது, ஆகவே வரிக்காகச் சின்னத் திரை எடுக்க வேண்டியதில்லை.

தேய்தடம், தங்குநிழல், சமன்செய்வு, பாத்திப் பின்னொளி, கடத்தளவு ஆகிய ஐந்துக்கும் மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். பாத்திக்கு எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாத்தி என்றால் என்னவென்று தெரியாது என்பார்கள். ரோஜாச் செடி வைத்த பாத்தி பள்ளிக்கூடத்திலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளட்டும். எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் வசதி) என்பதற்கான சொல்லைத் தனி இழையாகத் தொடங்குவோம். 400 நிட் (ஒளிர்வின் அலகு) திரைக்கும் 1600 நிட் திரைக்கும் ஒரே முத்திரை குத்தி விற்கிற வரை, முதலில் அது எதைக் குறிக்கிறது என்றே நமக்குள் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அன்புடன்.