ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த ஷூ?

குழு: சத்துவாச்சாரி வீடு

திவ்யா: ஞாயிறு காலை மாவட்ட பவர்லிஃப்டிங் போட்டி, எடை தூக்க வேண்டும். என் ரன்னிங் ஷூவைப் பார்த்து மாஸ்டர் திட்டுகிறார். தட்டை சோல் ஷூ யாரிடமாவது இருக்கிறதா? சைஸ் 6

அம்மா: முதலில் சாப்பிட்டாயா

சித்தி: ஞாயிறா?? கீதா வளைகாப்பு

கார்த்தி: வெறுங்காலோடு தூக்கு, செலவு மிச்சம்

திவ்யா: போட்டியில் விடமாட்டார்கள் அண்ணா

பெரியப்பா: கண்ணு, 31 வருஷம் ஆம்பூரில் சோல் ஒட்டியவன் சொல்கிறேன். ரன்னிங் ஷூ அடியில் இருப்பது ஃபோம், ஓடும்போது அதிர்வு தெரியாமல் இருக்க மெத்தென்று வைப்பது. தோளில் 80 கிலோ ஏறினால் அமுங்கும், அதுவும் ஒரே சீராக அமுங்காது, கணுக்கால் உள்பக்கம் சாயும், முட்டியும் கூடவே போகும். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார், உள்ளே போனால் அது உனக்கு ஆகாது. நம் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அந்தப் பளுதூக்கும் ஆட்டத்துக்கென்றே ஒரு ஷூ உண்டு. குதிகால் முக்கால் அங்குலம் உயரம், கல் மாதிரி கெட்டி. கணுக்கால் சரியாக மடங்காதவர்கள்கூட அதைப் போட்டால் முன்னால் கவிழாமல் ஆழமாக உட்காரலாம். தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு அது சரி. தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்டுக்கு வேண்டாம், சோல் எவ்வளவு தடிமனோ அவ்வளவு உயரம் கம்பியைக் கூடுதலாக இழுக்க வேண்டும்.

சித்தப்பா: ஒரு வரியில் வராதா அண்ணா

அப்பா: என் ரிசப்ஷனுக்கு அண்ணன் செய்து கொடுத்த ஷூ மேடையிலேயே வாயைப் பிளந்தது

பெரியப்பா: பசை காயவில்லை. ஒரு நாள் விட்டுப் போடு என்றேன், கேட்டாயா? 1998-லிருந்து இதையே சொல்

அத்தை: கல்யாண வயதில் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு

அம்மா: உங்கள் வீட்டு சிலிண்டரை மாடிக்கு ஏற்ற மட்டும் அவள் வேண்டுமா அண்ணி

சித்தப்பா: 😂

பாட்டி: [குரல் செய்தி 0:41]

கார்த்தி: பாட்டி, ஃபேன் சத்தம்தான் கேட்கிறது

சித்தி: அபியின் பழைய வெள்ளை பி.டி. ஷூ பரண்மேல் இருக்கிறது. 6-ஆ 7-ஆ தெரியவில்லை

பெரியப்பா: கான்வாஸா? டெட்லிஃப்டுக்கு நன்றாகவே போதும், சோல் மெல்லிசு, தட்டை. 7 என்றால் வேண்டாம், உள்ளே கால் நகரக் கூடாது. இன்றே போட்டுப் பழகு, போட்டியன்று முதல்முறையாகப் போடாதே.

திவ்யா: ஸ்குவாட்டுக்கு?

பெரியப்பா: பழைய லெதர் ஷூ ஒன்று கொடு, தோல் அடுக்கி ஹீல் அடித்துத் தருகிறேன்

அப்பா: பசை காயுமா?

திவ்யா: ஷூவையும் சோதிப்பார்கள் பெரியப்பா, மாஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்

சித்தி: வேனுக்கு 12 பேர் என்று சொல்லிவிட்டேன். திவ்யாவைச் சேர்த்தா, சேர்க்காமலா?