6 மி.மீ. 6061 அலுமினியத் தகட்டில் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்: மேற்பரப்பு சீராக இருந்தும் உள்ளே துளை விழுகிறது

கேள்வி: முதுநிலைப் பொறியியல் மாணவர்

வணக்கம். ஆய்வேட்டுக்காக 6 மி.மீ. தடிமனுள்ள 6061-டி6 (வெப்பப் பதப்படுத்தி வலுவூட்டிய அலுமினியக் கலவை) தகடுகளை, எங்கள் பணிமனையில் உள்ள செங்குத்து மில்லிங் இயந்திரத்தில் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் முறையில் (சுழலும் டூலின் உராய்வு வெப்பத்தால் உலோகத்தை உருக்காமல் இளக்கிக் கலக்கி இணைக்கும் முறை) விளிம்போடு விளிம்பாக இணைத்து வருகிறேன். டூல் எச்13 எஃகில் செய்து கடினப்படுத்தப்பட்டது. ஷோல்டரின் (தகட்டின் மேற்பரப்பை அழுத்தும் அகலப் பகுதி) விட்டம் 18 மி.மீ., அதன் முகம் சற்றுக் குழிவானது. பின்னின் (தகட்டுக்குள் இறங்கிக் கலக்கும் முனைத்தண்டு) விட்டம் 6 மி.மீ., நீளம் 5.7 மி.மீ.; அதில் எம்6 மரை வெட்டப்பட்டுள்ளது. சுழற்சி நிமிடத்திற்கு 1000, நகர்வு நிமிடத்திற்கு 60 மி.மீ., டூலின் சாய்வு 2 பாகை. ஷோல்டரின் பின்விளிம்பு (நகரும் திசைக்குப் பின்பக்கத்து விளிம்பு) தகட்டைத் தொட்ட பிறகு 0.1 மி.மீ. கீழே அழுத்தி நகர்த்துகிறேன்.

மேற்பரப்பில் வளையங்கள் சீராக விழுகின்றன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்துப் பார்த்தால், அடிப்பகுதிக்கு அருகில் ஒரு துளை தெரிகிறது. அது வெல்டின் நீளம் முழுவதும் சுரங்கம்போல் ஓடுகிறது. இழுவிசைச் சோதனையில் எல்லா மாதிரிகளும் அந்தத் துளையின் வழியாகவே முறிகின்றன. வெப்பம் போதவில்லை என்று கருதிச் சுழற்சியை 1400-க்கு உயர்த்தினேன். துளை சிறிதாயிற்றே தவிர மறையவில்லை, விளிம்பில் பிசிறும் மிகுந்துவிட்டது. எதை மாற்ற வேண்டும் என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: கருவிக்கூடப் பொறுப்பாளர்

தம்பி, விவரங்களை ஒழுங்காகத் தந்திருக்கிறீர்கள். ஆயினும் முதன்மையான இரண்டு விவரங்கள் விடுபட்டுள்ளன. ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) எந்தத் திசையில் சுழல்கிறது? பின்னில் வெட்டியிருப்பது வலது மரையா, இடது மரையா? டூல் நகரும் திசையை நோக்கி நின்று பார்க்கும்போது துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. மரை, கடையில் கிடைக்கும் வழக்கமான டையால் வெட்டப்பட்ட வலது மரை. துளை இடப்பக்கம் உள்ளது.

மறுமொழி: கருவிக்கூடப் பொறுப்பாளர்

அப்படியானால் முதலில் திருத்த வேண்டியது வெப்பத்தை அல்ல. கடிகாரத் திசையில் சுழலும் டூலுக்கு இடப்பக்கமே முன்னேறும் பக்கம். அங்கேதான் ஷோல்டரின் விளிம்பு, டூல் நகரும் திசையிலேயே ஓடுகிறது. பின்னுக்கு முன்னால் இருக்கும் உலோகம், எதிர்ப்பக்கமான பின்வாங்கும் பக்கத்தைச் சுற்றிப் பின்னால் சென்று, கடைசியாக நிரப்ப வேண்டிய இடம் முன்னேறும் பக்கத்தின் அடிப்பகுதி. உலோகம் எங்கே குறைந்தாலும் வெற்றிடம் அங்கேதான் தங்கும். சுரங்கக் குறை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் தோன்றுவதன் காரணம் இதுவே.

இப்போது மரைக்கு வருவோம். துளையிடும் டிரில் பிட், கடிகாரத் திசையில் சுழலும்போது சீவல்களை மேலே தூக்கி எறிவதைப் பார்த்திருப்பீர்கள். வலது மரை கொண்ட உங்கள் பின்னும் அதையே செய்கிறது: இளகிய அலுமினியத்தை அடியிலிருந்து மேலே இழுத்து ஷோல்டருக்குக் கீழே சேர்க்கிறது. மேற்பரப்பு அழகாக இருப்பதும் அடியில் துளை விழுவதும் ஒரே காரணத்தால்தான். கடிகாரத் திசைச் சுழற்சிக்கு இடது மரை வேண்டும்; அப்போதுதான் உலோகம் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு அடிப்பகுதி நிரம்பும்.

புதிய டூல் செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். இதே டூலை வைத்துக்கொண்டு ஸ்பிண்டிலை எதிர்த்திசையில் சுழற்றி ஒரு வெல்ட் போடுங்கள். உங்கள் ஷோல்டர் முகம் வெறும் குழிவு என்பதால் திசை மாற்றம் அதைப் பாதிக்காது. சுருள் வரிகள் கொண்ட ஷோல்டராக இருந்தால் அதற்கும் திசை பார்க்க வேண்டியிருக்கும். டூல் பிடிப்பான் டிராபாரால் (ஸ்பிண்டிலுக்குள் மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் தண்டு) இறுக்கப்பட்டதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள். திருகிப் பொருத்தும் வகையாக இருந்தால் எதிர்ச்சுழற்சியில் கழன்றுவிடும், அது ஆபத்து. எதிர்ச்சுழற்சியில் முன்னேறும் பக்கம் வலப்பக்கமாக மாறிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுழற்சியை உயர்த்தியதும் பிசிறு மிகுந்ததாகச் சொன்னீர்கள். பிசிறாக வெளியேறிய ஒவ்வொரு துணுக்கும் வெல்டுக்குள் இருந்திருக்க வேண்டிய உலோகம். வெப்பத்தைக் கூட்டித் துளையை மூட முயலும்போது, நிரப்ப வேண்டிய பொருளையே வெளியே அனுப்பிவிடுகிறோம். இதை மாணவர்கள் பலர் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மறுமொழி: பற்றவைப்பு ஆய்வு மாணவி

மரையைப் பற்றி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு அழுத்தும் ஆழமும் போதாது என்று உங்கள் எண்களே காட்டுகின்றன. ஷோல்டரின் ஆரம் 9 மி.மீ., சாய்வு 2 பாகை. எனவே பின்விளிம்பு, ஷோல்டரின் நடுப்புள்ளியைவிட ஏறத்தாழ 0.31 மி.மீ. தாழ்ந்திருக்கும். பின்விளிம்பை 0.1 மி.மீ. மட்டும் அழுத்தினால், நடுப்புள்ளி இன்னும் தகட்டுக்கு மேலே 0.21 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. பின்னின் முனை 5.7 மி.மீ. ஆழத்திற்குச் செல்வதாக நீங்கள் நினைக்கும் இடத்தில், உண்மையில் 5.5 மி.மீ. அளவுக்கே செல்கிறது, அடியில் அரை மி.மீ. கலக்கப்படாமல் நிற்கிறது. இதனால் இரண்டு தீமைகள் உண்டாகின்றன. ஷோல்டர் உலோகத்தைப் போதிய அளவு அமுக்காததால் துளை மூடுவதில்லை. அதோடு, துளையே இல்லாவிட்டாலும் வேர்ப்பகுதியில் (வெல்டின் அடிப்பக்கத்தில்) பழைய விளிம்புக் கோடு இணையாமல் எஞ்சிவிடும்.

பின்விளிம்பின் ஆழத்தை 0.3 மி.மீ. அளவுக்குக் கொண்டுபோங்கள், அப்போது அடியில் எஞ்சுவதும் 0.3 மி.மீ. அளவுக்குக் குறையும். அதற்கு மேலும் குறைக்க வேண்டுமானால் பின்னைச் சிறிது நீளமாகச் செய்யலாம், ஆனால் முனை, தகடுகளுக்கு அடியில் தாங்கும் பேக்கிங் பிளேட்டை உரசக் கூடாது.

மறுமொழி: பணிமனைப் பயிற்றுநர்

டயலில் 0.3 மி.மீ. வைத்தால் வெல்டின்போதும் 0.3 மி.மீ. இருக்கும் என்று நம்ப வேண்டாம். மில்லிங் இயந்திரம் ஆழத்தைப் பிடிக்குமே தவிர விசையைப் பிடிக்காது. பல கிலோநியூட்டன் விசை எதிர்த்துத் தள்ளும்போது ஸ்பிண்டில் தலை மேலே எழும். குவில்லை (ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் உறை) பூட்டிவிட்டு மேசையை உயர்த்தி அழுத்துங்கள். தலையில் ஒரு டயல் கேஜ் வைத்து, வெல்ட் ஓடும்போது எவ்வளவு எழுகிறது என்று பார்த்து அந்த அளவை ஈடுசெய்யுங்கள். தகடுகளுக்கு இடையே இடைவெளி இல்லாமல் பக்கவாட்டிலும் கிளாம்ப் போடுங்கள், ஏனென்றால் இடைவெளியை நிரப்பவும் உலோகம் அந்தத் தகட்டிலிருந்தேதான் வர வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எதிர்த்திசையில் சுழற்றியபோது, வேறு எதையும் மாற்றாமலேயே துளை மிகவும் சுருங்கிவிட்டது. பின்னர் லேத்தில் இடது மரை வெட்டிய புதிய டூலைப் பொருத்தி, குவில்லைப் பூட்டி, 0.3 மி.மீ. அழுத்தத்துடன் 1000 சுழற்சியில் போட்டேன். வெட்டுமுகத்தில் இப்போது துளை இல்லை. முறிவு வெல்டின் நடுவில் நிகழாமல், சற்றுத் தள்ளி ஓரத்தில் நிகழ்கிறது. ஆனால் இழுவலிமை 205 மெகாபாஸ்கல் அளவிலேயே நிற்கிறது. மூலத் தகட்டுக்கு 310 வரவேண்டும் அல்லவா? இன்னும் ஏதேனும் குறை எஞ்சியுள்ளதா?

மறுமொழி: பற்றவைப்பு ஆய்வு மாணவி

அது குறையன்று, 6061-டி6 இணைப்பின் இயல்பு. டி6 நிலையின் வலிமை, மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து உண்டாக்கும் மிக நுண்ணிய படிவுகளால் வருவது. வெப்பம் தாக்கிய ஓரப்பகுதியில் அவை பருத்துவிடுவதால் உலோகம் மென்மையாகிறது, முறிவும் அங்கே நிகழ்கிறது. மூலத் தகட்டின் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைப்பது வழக்கமான அளவே. கடினத்தன்மையை வெல்டின் குறுக்கே அளந்து வரைந்தால், இரு ஓரங்களிலும் பள்ளம் விழுவதைக் காணலாம். முறிந்த இடமும் அந்தப் பள்ளமும் பொருந்தினால் உங்கள் இணைப்பு நலமாக உள்ளது என்று கொள்ளலாம்.

வெல்டுக்குப் பின் 170 பாகை செல்சியஸ் அளவில் சில மணி நேரம் முதிர்வித்தால் நடுப்பகுதி ஓரளவு மீளும். ஏற்கெனவே படிவுகள் பருத்துவிட்ட ஓரப்பகுதிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. 530 பாகை அளவில் முழுமையாகக் கரைத்துக் குளிர்விக்கும் வழி உண்டு, ஆனால் தகடு வளையும், கலக்கிய பகுதியில் படிகத் துகள்கள் தாறுமாறாகப் பருக்கவும் கூடும். அதைவிட நகர்வு வேகத்தைப் படிப்படியாக 60-இலிருந்து 120 வரை உயர்த்திப் பாருங்கள். வெப்பம் தங்கும் நேரம் குறைவதால் மென்மையான பட்டை குறுகும். துளை திரும்புகிறதா என்று ஒவ்வொரு படியிலும் வெட்டிப் பார்ப்பது அவசியம்.

ஆய்வேட்டில் சேர்ப்பதற்கு முன் வேர்ப்பக்கம் வெளியே வரும்படி வளைவுச் சோதனை செய்துவிடுங்கள். வேரில் ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும் கோட்டை எக்ஸ்ரே படம் எளிதில் காட்டாது. வளைத்தால் அது பிளந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஏற்புக்கான வரையறைகளுக்கு ஐஎஸ்ஓ 25239 தரநிலையின் 5-ஆம் பகுதியைப் பாருங்கள்.