56-ஆ, 63-ஆ? பிளெக்கனைடு பற்றி ஒரு விவாதம்

மருந்தாளுநர்:
"இதயத்தின் கூடுதல் துடிப்பு ஈசிஜியில் மறைந்துவிட்டால் ஆபத்தும் மறைந்துவிட்டது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதே நம்பிக்கையில்தான் 1980களில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு பிளெக்கனைடு, என்கனைடு என்ற துடிப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். துடிப்புகள் அடங்கின, ஆட்களும் அடங்கினார்கள். இவற்றைச் சோதித்த காஸ்ட் ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 பேர்தான். போதுமா?

ஈசிஜிப்பித்தன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா? முதலில் எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள். 63 அல்ல, 56. அந்தப் பக்கம் 22. 1989-இல் வந்த அறிக்கையில் இருக்கிறது.

மருந்தாளுநர்:
63.

ஈசிஜிப்பித்தன்:
730 பேரில் 56. 725 பேரில் 22. கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் சரிபார்க்கலாம்.

மருந்தாளுநர்:
755 பேரில் 63. 743 பேரில் 26. அது 1991-இல் வந்த முழு அறிக்கை. நீங்கள் முன்னோட்டத்தைப் படித்துவிட்டு முழுக்கதையையும் சொல்ல வந்திருக்கிறீர்கள். டிஜாக்சின் என்ற இதய மருந்து பற்றிய விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

இரவுப்பணிச் செவிலி:
இருவரும் எந்தக் கோளாறைப் பற்றிப் பேசுகிறீர்கள்? மாரடைப்புக்குப் பின் கீழறையில் கிளம்பும் கூடுதல் துடிப்பா, மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா? தழும்பு விழுந்த இதயத்துக்கு பிளெக்கனைடு ஆகாது. அமைப்பில் குறையில்லாத இதயத்தில் ஃபிப்ரிலேஷனுக்கு இன்றும் கொடுக்கிறார்கள்.

ஈசிஜிப்பித்தன்:
அதை அப்புறம் பார்க்கலாம், அம்மா. அவர் 56-ஐ ஒப்புக்கொள்ளட்டும்.

சொல்லாய்வன்:
ஃபிப்ரிலேஷன், ஈசிஜி... தமிழில் எழுத மாட்டீர்களா? "லயக் கோளாறு" என்று அழகான சொல் இருக்கிறதே.

மருந்தாளுநர்:
லயம் எந்த ஊர்த் தமிழ், ஐயா?

சொல்லாய்வன்:
உங்களுக்கு மாத்திரை எண்ணத்தான் தெரியும்.

மருந்தாளுநர்:
22 ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணத் தெரிந்ததால்தான் 63 என்கிறேன்.

மூன்றாண்டு நோயாளி:
நான் மூன்று ஆண்டுகளாகத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை எடுக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. இப்படி ஆளாளுக்கு பயமுறுத்தினால் யார்தான் மாத்திரை சாப்பிடுவார்கள்?

மருந்தாளுநர்:
ஒன்றும் ஆகவில்லை என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். தைராய்டு, கல்லீரல், நுரையீரல் மூன்றிலும் அதன் கை படும். கொழுப்பில் போய்த் தங்கிவிடுவதால் நிறுத்தினாலும் உடம்பை விட்டு இறங்கப் பல மாதங்கள் ஆகும். தைராய்டு ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? அதற்காக நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் மோசம்.

மூன்றாண்டு நோயாளி:
என் மருத்துவர் நீங்களா?

மருந்தாளுநர்:
கேள்விக்குப் பதில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

இரவுப்பணிச் செவிலி:
படித்தே பேசுகிறீர்கள். மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் துடிப்பைச் சில நொடி மறிக்கும் அடினோசின் ஊசியைப் போடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? நிமிடத்துக்கு 150 துடிப்போடு ஒரு பெரியவர் வந்தார். முழங்கை மடிப்பில் 6 மில்லிகிராம் ஒரே தள்ளு, பின்னாலேயே உப்புநீர். "அம்மா, நான் போகிறேன்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். திரையில் சில நொடிகள் கீழறைத் துடிப்பே இல்லை. அந்த இடைவெளியில்தான் ரம்பப் பல் போல அலைகள் வரிசையாகத் தெரிந்தன. மேலறை சீராக, அதிவேகமாகத் துடிக்கும் ஃப்ளட்டர். மருந்து அதைக் குணப்படுத்தவில்லை, காட்டிக்கொடுத்தது.

ஈசிஜிப்பித்தன்:
மாறாமல் 150 ஓடினால் ஃப்ளட்டரைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பாலபாடம். எனக்கு அடினோசினே தேவைப்பட்டிருக்காது.

மருந்தாளுநர்:
பாலபாடம் தெரிந்தவருக்கு அடுத்த பாடம் தெரியுமா? அந்தப் பெரியவருக்கு பிளெக்கனைடை மட்டும் கொடுத்திருந்தால்? 300-இல் ஓடும் மேலறையை அது 200-க்கு இறக்கும். 300-இல் பாதியை மறித்த, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணு, 200 என்றால் அத்தனையையும் கீழே விடும். 150 துடிப்போடு வந்தவர் 200-க்குப் போவார். அதனால்தான் கணுவை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஈசிஜி தாளில் இதெல்லாம் அச்சாகி வராது.

ஈசிஜிப்பித்தன்:
2020-இல் வந்த ஈஸ்ட் ஆய்வைப் படியுங்கள். ஃபிப்ரிலேஷனை ஆரம்பத்திலேயே சீராக்கியவர்களுக்குப் பக்கவாதமும் இதயநோய் மரணமும் குறைந்தன. அதில் பலருக்குக் கொடுத்தது உங்கள் கொலைகார பிளெக்கனைடுதான்.

மருந்தாளுநர்:
2002-இல் வந்த அஃபர்ம் ஆய்வில் 4060 ஃபிப்ரிலேஷன் நோயாளிகள். துடிப்பைச் சீராக்கியதால் ஆயுள் கூடவில்லை. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

இரவுப்பணிச் செவிலி:
56 முன்னறிக்கை, 63 முழு அறிக்கை. ஆய்வு ஒன்றுதான். இரண்டிலும் இறந்தவர்கள் மாரடைப்பு கண்டவர்கள். விடுங்களேன்.

மருந்தாளுநர்:
அதாவது 63 சரி.

ஈசிஜிப்பித்தன்:
அதாவது 56 தவறில்லை. தவறென்று சொன்னவர் மன்னிப்புக் கேட்கட்டும்.

மருந்தாளுநர்:
டிஜாக்சினுக்கு நீங்கள் கேட்ட பிறகு.

சொல்லாய்வன்:
"துடிப்புப் பிறழ்வு" என்று வைத்துக்கொள்ளலாமா?