ஒரே சர்ச், மூன்று தடவை

குழு: நம்ம வீடு

மீனா: சூரிச்சில் ரயில் ஏறியாச்சு. இன்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோட்டை ஊர், பெல்லின்சோனா. அம்மாவுக்கு ஜன்னல் சீட், மடியில் எலுமிச்சை சாதம்.

கார்த்தி: அங்கே மணி ஒன்பதுதானே? இந்நேரம் டப்பா காலியாகியிருக்குமே!

கணேசன் மாமா: எந்த வழி கண்ணு? 57 கிலோமீட்டர் சுரங்கமா, பழைய மலைப்பாதையா?

மீனா: பழைய வழிதான் மாமா. சுரங்கத்தில் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் இருட்டைக் காட்டவா அம்மாவை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன்?

கணேசன் மாமா: கெட்டிக்காரி. அது 2016ல் திறந்தது, உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். பெருமைதான், பார்க்க ஒன்றுமில்லை. சரசு, எர்ஸ்ட்ஃபெல்ட் தாண்டியதும் வண்டி ஏற ஆரம்பிக்கும். வாசன் என்று ஒரு சின்ன ஊர், வெள்ளை சர்ச். தூங்கிவிடாதே.

அம்மா: சர்ச் வந்தது அண்ணா. மேலே உயரத்தில்.

அம்மா: இன்னொரு சர்ச். இது ஜன்னலுக்கு நேரே.

அம்மா: இப்போது கீழே ஒன்று. இத்தனூண்டு ஊருக்கு மூன்று சர்ச்சா?

கணேசன் மாமா: 😄 மூன்றும் ஒன்றுதான்.

அம்மா: விளையாடாதீங்க.

கணேசன் மாமா: நிஜமாகத்தான். ஊட்டி போகும்போது கல்லாறு தாண்டினால் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்புமே, அதே மாதிரி அங்கே ரயில் மலைக்குள் புகுந்து திரும்புகிறது. வெளியே வரும்போது வந்த திசைக்கே போகும், ஆனால் ஒரு படி மேலே. மறுபடி ஒரு திருப்பம். சர்ச் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஏறினது நீதான்.

அத்தை: இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட வரச் சொல்லுங்கள்.

மீனா: கொஷெனன் வந்தாச்சு. இனி 15 கிலோமீட்டர் பழைய சுரங்கம். சிக்னல் போகலாம்.

கணேசன் மாமா: 1882ல் திறந்தது. கான்ட்ராக்ட் எடுத்தவர் லூயி ஃபாவ்ர். 1879ல் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே விழுந்து இறந்துவிட்டார். மறு வருஷம் இரண்டு பக்கத்து ஆட்களும் நடுவில் சந்தித்தபோது, துளை வழியாக முதலில் நீட்டியது ஒரு தகர டப்பாவை. உள்ளே அவர் படம்.

மீனா: அயிரோலோ. உள்ளே போகும்போது ஜெர்மன், வெளியே வந்தால் பலகை எல்லாம் இத்தாலியன். வெயிலும் வந்துவிட்டது.

அம்மா: பெல்லின்சோனா வந்தாச்சு. கோட்டைக்கு லிஃப்ட்! பாறையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டையில் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

கார்த்தி: எத்தனை கோட்டை?

மீனா: மூன்று. இப்போது இருப்பது காஸ்டெல்கிராண்டே. இங்கிருந்து பள்ளத்தாக்கையே மறித்து மதில் ஓடுகிறது. சுவிஸ்காரர்கள் கீழே இறங்கி வரக்கூடாது என்று மிலான் பிரபுக்கள் கட்டிப் பலப்படுத்தியது. 1478ல் ஜியோர்னிகோவில் தோற்றதும் பயந்துபோய், மறு வருஷம் மேலே இன்னொரு கோட்டையை ஆறே மாதத்தில் எழுப்பினார்கள். அதுதான் சாசோ கோர்பாரோ. இருபது வருஷம் கழித்து ஊரே சுவிஸ்காரர்கள் கைக்கு வந்துவிட்டது.

கார்த்தி: பூட்டு, சாவி, வீடு எல்லாம் திருடனுக்கே.

அம்மா: சுவிஸ்காரர் ரயிலில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. மேலே உள்ளதைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. மதிலோரம் புல்லில் உட்கார்ந்து சாதம் ஆயிற்று. கீழே திராட்சைத் தோட்டம். அண்ணா, இந்த ரயிலில் நம் ஊட்டி ரயில் மாதிரி பல் சக்கரம் கிடையாதா?

கணேசன் மாமா: கிடையாது. ஏற்றம் 38 அடிக்கு ஓர் அடி அளவில்தான், அதற்குத்தான் அத்தனை திருப்பம். நம்முடையது 12 அடிக்கு ஓர் அடி, பல் இல்லாமல் ஏறாது. அந்தப் பல் தண்டவாளத்தைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட்டும் சுவிஸ்காரர்தான். ஊட்டி ரயிலில் நான் ஓட்டிய எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்களும் அங்கே வின்டர்தூரில் செய்து வந்தவை. 1952ல் வந்தவைகூட உண்டு. அப்புறம்தான் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்ய ஆரம்பித்தார்கள்.

மீனா: வின்டர்தூரா? எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் 25 நிமிஷம் மாமா! மாதம் ஒரு தடவையாவது போகிறேன்.

கணேசன் மாமா: இத்தனை நாள் சொல்லவே இல்லையே.

மீனா: நீங்கள் கேட்கவே இல்லையே! நாளைக்கே அம்மாவைக் கூட்டிப் போகிறேன். பக்கத்தில் கீபுர்க் என்று கோட்டைகூட இருக்கிறது.

கணேசன் மாமா: கோட்டையை உன் அம்மாவுக்குக் காட்டு. ஃபயர்மேனாக இருந்த காலத்தில் அந்த ஊர்ப் பெயரை இன்ஜின் தகட்டில் தினமும் துடைத்திருக்கிறேன். எனக்கு ஸ்டேஷன் போர்டு படம் ஒன்று போதும். எழுத்து வெட்டுப்படாமல் எடு.