ஹெக்சேனைத் தடை செய்தால் போதுமா? சமையல் எண்ணெயும் செருப்புப் பசையும்

காங்கேயம்_செக்கு:
கடையில் பாக்கெட்டில் வரும் சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய், தவிட்டு எண்ணெய் எல்லாம் எப்படி எடுக்கிறார்கள் என்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விதையை நசுக்கி, அதன்மேல் ஹெக்சேனை விட்டு எண்ணெயைக் கரைத்து எடுத்து, பிறகு சூடாக்கி ஹெக்சேனை ஆவியாக்குகிறார்கள். கச்சா எண்ணெயைப் பிரிக்கும்போது பெட்ரோலை ஒட்டிக் கிடைக்கும் சரக்கு அது. ரப்பர் பசையிலும் துடைக்கிற திரவங்களிலும் இருப்பதும் அதுதான். நரம்பைக் கெடுக்கும் என்று மருத்துவப் புத்தகமே சொல்கிறது. அதை நம் பிள்ளைகள் சாப்பிடுகிற எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுவர என்ன அவசியம்? நான் செக்கு ஓட்டுகிறவன், லாபத்துக்காகப் பேசுகிறேன் என்பார்கள், சொல்லட்டும். உணவு எண்ணெயில் ஹெக்சேனைத் தடை செய்ய வேண்டும், அதுவரைக்கும் பாட்டில் மேல் 'ஹெக்சேன் கொண்டு எடுத்தது' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும்.

தவிட்டாலை_பொறியாளர்:
அண்ணே, நான் தவிட்டு எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவன், எனக்கும் இதில்தான் பிழைப்பு. அதனால் கணக்கை வைத்தே பேசுகிறேன். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதித்துவிடும். எண்ணெயும் ஹெக்சேனும் கலந்து வருகிற மிசெல்லாவை முதலில் சூடாக்கிப் பிரிக்கிறோம், அப்புறம் காற்றை உறிஞ்சிய கலனில் நீராவி விட்டு மிச்சத்தை உருவுகிறோம். அதற்கும் மேலே ரிஃபைனரியில் வாடை நீக்கும்போது அதே எண்ணெய் 200 டிகிரிக்கு மேல், கிட்டத்தட்ட முழு வெற்றிடத்தில் கிடக்கிறது. 69 டிகிரியில் ஓடிவிடுகிற பொருள் அங்கே எவ்வளவு தங்கும்? சுத்திகரித்த எண்ணெயில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு விதியும் இருக்கிறது. ஒரு ஆள் தினம் 30 கிராம் எண்ணெய் சாப்பிட்டு, அதில் அந்த உச்ச அளவு முழுதாக இருந்தால்கூட உள்ளே போவது 0.15 மில்லிகிராம்.

தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. செக்கில் போட்டால் மாவாகத் திரளுமே தவிர எண்ணெய் வடியாது. நெல் அரைத்த உடனே தவிட்டில் இருக்கிற லைப்பேஸ் நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும், இரண்டு மூன்று நாள் தாமதித்தால் அது சமையலுக்கு ஆகாது. கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய், கொப்பரையில் அதைவிட அதிகம், உங்களுக்குச் செக்கு போதும். தவிட்டுக்கும் சோயாவுக்கும் போதாது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிற நாடு இது. தடை என்று சொல்வதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

அடுப்பங்கரை_திருச்சி:
பொறியாளர் தம்பி, நீங்கள் சொல்கிற கணக்கு நல்ல ஆலைக்குச் சரி. எங்கள் தெருக் கடையில் டின்னிலிருந்து அளந்து ஊற்றுகிற எண்ணெயை யார் பரிசோதிக்கிறார்கள்? விதி இருப்பதும் அதைப் பார்க்க ஆள் இருப்பதும் வேறு வேறு.

காங்கேயம்_செக்கு:
அக்கா கேட்டதுதான் கேள்வி. இன்னொன்றும் சொல்கிறேன். ஐரோப்பாவில் எண்ணெய்க்கு வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். நமக்கு மட்டும் ஏன் 5? ஆலையில் ஒன்றும் தங்குவதில்லை என்றால் வரம்பை ஒன்றுக்கு இறக்குவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற மாவை எடுத்துக்கொள்ளுங்கள். மீல்மேக்கர் உருண்டை அதில்தான் ஆகிறது. எண்ணெய் நீக்கிய சோயாப் பொருளுக்கு ஐரோப்பாவே கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரை விடுகிறது. அங்கே 1996-ல் செய்த பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டினார்கள், 2024-ல் அவர்களுடைய உணவுப் பாதுகாப்பு அமைப்பே இதை மறுபடி ஆராய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. எல்லாம் தெரிந்தாகிவிட்டது என்று நீங்கள் பேசுகிறபடி அவர்கள் பேசவில்லை.

தவிட்டாலை_பொறியாளர்:
வரம்பை ஒன்றுக்கு இறக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை, ஒழுங்காக ஓடுகிற ரிஃபைனரிக்கு அது எட்டும். நான் மறுப்பது தடையை மட்டும்தான். இவ்வளவு காலமாக ஹெக்சேன் நிலைத்ததற்குக் காரணம் அதன் குணம். எண்ணெயை நன்றாகக் கரைக்கும், தண்ணீரில் கரையாது, அதனால் குளிர்வித்த பிறகு தண்ணீரிலிருந்து தானாகப் பிரிந்து திரும்பக் கிடைக்கும். ஒரு கிலோவை ஆவியாக்க ஆகிற வெப்பம் தண்ணீருக்கு ஆவதில் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. ஹெக்சேனுக்குப் பதில் எத்தனாலை வைத்தால் ஹெக்சேனுக்கு ஆவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். 2-மெத்தில்ஆக்சோலேன் என்ற கரைப்பானை 2023-ல் ஐரோப்பா அனுமதித்திருக்கிறது, பயிர்க்கழிவிலிருந்து எடுக்கலாம், வரட்டும், விலை படிந்தால் மாறுவோம்.

ஆலையில் நான் பயப்படுவது தீயைத்தான். இதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து சாக்கடைக் குழியில் போய்த் தேங்கும், காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். ஹெக்சேன் விட்டு எண்ணெய் எடுக்கிற எங்கள் எக்ஸ்ட்ராக்ஷன் கட்டிடத்துக்குள் செல்போன் கிடையாது, ஆணி வைத்த செருப்பு கிடையாது, தட்டுகிற சுத்தியல்கூட பித்தளை மாதிரி தீப்பொறி எழாத உலோகம். 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் ஒரு சோயா ஆலையிலிருந்து ஹெக்சேன் சாக்கடையில் இறங்கி, விடியற்காலையில் மேலே போன காரின் தீப்பொறியில் பிடித்து, இரண்டு மைலுக்கு மேல் தெருவே பிளந்தது. அந்த நேரத்தில் தெருவில் அதிகம் ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. பாட்டிலைப் பார்த்துப் பயப்படுவதில் கால்வாசி இதற்குப் பயந்தால் நல்லது.

ஆம்பூர்_அப்பர்:
ரொம்ப நேரமாகப் படிக்கிறேன். ஒருவர் சாப்பாடு என்கிறார், ஒருவர் தீ என்கிறார். நாங்கள் தினம் முகர்கிறோம், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் அப்பர், அதாவது செருப்பின் மேல்பாகம், ஒட்டுகிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். தகர டப்பாவில் சொல்யூஷன் என்கிற பசை, அதில் பிரஷ்ஷை முக்கி ஓரத்தில் தடவி, காய விட்டு மடித்துத் தட்ட வேண்டும். வாயைத் திறந்து வைத்த டப்பா மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும். ஃபேன் போட மாட்டார்கள், போட்டால் சொல்யூஷன் சீக்கிரம் காய்ந்து ஒட்டாமல் போகும். பீஸ் ரேட் என்பதால் எழுந்து வெளியே போனால் காசு போச்சு. எங்கள் வரிசையில் ஒருத்தருக்கு முதலில் பாதம் மரத்தது. நடக்கும்போது ஹவாய் செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்துவிடும், அவருக்கே தெரியாது, பின்னால் வருகிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அப்புறம் சட்டைப் பொத்தானைப் போட விரல் வரவில்லை. சர்க்கரை நோய் என்று நினைத்துப் போனார், சர்க்கரை இல்லை. வேலையை விட்ட பிறகும் இரண்டு மாதம் போல இன்னும் மோசமாகிக்கொண்டே போனதுதான் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

வேதியியல்_வாத்தியார்:
தம்பி, அவருக்கு வந்தது எது என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன வரிசை ஹெக்சேன் பாதிப்பில் அப்படியே உண்டு. ஹெக்சேன் நேராக நரம்பைத் தாக்குவதில்லை. கல்லீரல் அதை உடைக்கும்போது 2,5-ஹெக்சேன்டையோன் என்று ஒன்று உண்டாகிறது, அது நரம்பு இழைக்குள் இருக்கிற புரதங்களோடு பிணைந்து அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறது. இழை நீளமாக இருந்தால் முதலில் அடிபடும், அதனால்தான் பாதத்தில் ஆரம்பித்துக் கைக்கு வரும். முகர்வதை நிறுத்தின பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போய், அதற்கப்புறம் மெதுவாகத் திரும்பும், ரொம்ப முற்றியவர்களுக்கு முழுதாகத் திரும்பாது. பசையில் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற இன்னொரு கரைப்பானும் சேர்ந்திருந்தால் பாதிப்பு இன்னும் கடுமையாகும்.

பொறியாளர் போட்ட கணக்கை இவருக்கும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிற வரம்பு 50 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு, சட்ட வரம்போ இன்றைக்கும் 500. அந்தக் கறாரான 50-ஐயே எடுத்துக்கொண்டாலும் ஒரு கன மீட்டர் காற்றில் 176 மில்லிகிராம், எட்டு மணி நேர வேலையில் 10 கன மீட்டர் காற்றை இழுத்தால் 1,760 மில்லிகிராம் மூச்சோடு உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும் என்றாலும், எண்ணெயில் சொன்ன 0.15 எங்கே, இது எங்கே.

காங்கேயம்_செக்கு:
அதைத்தானே நானும் சொல்கிறேன். தடை செய்துவிட்டால் இவர்களுக்கும் நல்லதுதானே?

ஆம்பூர்_அப்பர்:
எண்ணெயில் தடை செய்தால் எங்கள் டப்பாவில் ஒரு சொட்டு குறையுமா அண்ணே? உங்கள் பாட்டிலில் சிவப்பு எழுத்து வந்துவிடும், கேட்கிற ஜனங்களும் திருப்தியாகிவிடுவார்கள், அதோடு பேச்சும் நின்றுவிடும். எனக்கு அந்த ஆத்திரம்தான். சாப்பிடுகிறவனுக்கு இருக்கிற குரல் ஒட்டுகிறவனுக்கு இல்லை.

தவிட்டாலை_பொறியாளர்:
அதற்காகத் தின்னர், பசை எல்லாவற்றையும் தூக்கிப் போட முடியுமா? சரியான உறிஞ்சு குழாய், சரியான முகமூடி, நேரத்துக்கு மருத்துவப் பரிசோதனை இருந்தால் எந்தக் கரைப்பானையும் கையாளலாம். நாங்கள் டன் கணக்கில் கையாள்கிறோம்.

வேதியியல்_வாத்தியார்:
உங்கள் ஆலையில் ஹெக்சேன் குழாய்க்குள் ஓடுகிறது, கசிந்தால் உங்களுக்கே பணம் நஷ்டம், அதனால் பிடித்து வைக்கிறீர்கள். பட்டறையில் அது காற்றில் போவதுதான் வேலையே, ஆவியானால்தான் பசை ஒட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1960-களில் ஜப்பானில் வீட்டிலேயே உட்கார்ந்து வினைல் செருப்பு ஒட்டினவர்கள் பல பேருக்குக் கை கால் மரத்து வலுவிழந்தது. அதற்கு முன் அவர்கள் பசையில் பென்சீன் இருந்தது, அது ரத்தத்தைக் கெடுக்கிறது என்று 1959-ல் தடை செய்ததும் அந்த இடத்துக்கு ஹெக்சேன் வந்தது. செக்குக்காரருக்கும் இதையே சொல்கிறேன், ஒன்றைத் தடை செய்யும்போது அதன் இடத்தில் எது வந்து உட்காரும் என்று கேட்காமல் விடக் கூடாது. சீனாவில் சுசோ நகரத்தில் ஆப்பிளுக்காகச் செல்போன் திரை செய்த ஆலையில் துடைக்கிறதுக்கு ஆல்கஹாலை விட்டு ஹெக்சேனுக்கு மாறினார்கள், சீக்கிரம் உலர்கிறது என்பதுதான் காரணம். 137 பேர் பாதிக்கப்பட்டதாக ஆப்பிள் நிறுவனமே 2011-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பெரிய ஆலை, பெரிய கம்பெனி, அங்கேயே இந்த நிலை.

அடுப்பங்கரை_திருச்சி:
அப்படியானால் ஆம்பூர் தம்பி நாளைக்குப் பட்டறையில் போய் என்ன கேட்பது? அதைச் சொல்லுங்கள் சார்.

வேதியியல்_வாத்தியார்:
ஆவி கீழே இறங்குகிறது என்பதால் கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துப் பிரயோஜனம் குறைவு, மேசை மட்டத்தில், ஒட்டுகிறவரின் மூக்குக்கு எதிர்ப்பக்கமாக இழுக்கிற உறிஞ்சி வேண்டும். அப்படி வைத்தால் பசை காய்ந்துவிடும் என்ற சாக்கும் நிற்காது, இழுப்பதை அளவாக வைக்கலாம். டப்பாவுக்கு மூடி, பிரஷ் மட்டும் நுழைகிற ஓட்டையோடு. துணி முகமூடி தூசிக்குத்தான், ஆவிக்குக் கரித்தூள் அடைத்த வடிகட்டி உள்ள முகமூடிதான் வேண்டும், அதையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். கைக்கு நைட்ரைல் உறை. ஷிப்ட் முடிந்ததும் சிறுநீரில் ஹெக்சேன்டையோனைப் பார்க்கிற பரிசோதனை உண்டு, மரத்துப் போக ஆரம்பித்தவர்களுக்கு நரம்பில் மின்சாரம் கடத்தும் வேகத்தைப் பார்ப்பார்கள். டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, என்ன பசை என்று முதலில் சொல்ல வேண்டும், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் கரைப்பானுக்குப் பதில் தண்ணீர் சேர்த்த தண்ணீர்ப் பசை இருக்கிறது.

ஆம்பூர்_அப்பர்:
தண்ணீர்ப் பசை ஒட்டாது என்றுதான் எங்களிடம் சொல்கிறார்கள். ஏற்றுமதி லைனில் வெளிநாட்டு வாங்குகிறவர் கேட்டால் மட்டும் அதே பசை ஒட்டுகிறது, காய நேரம் ஆகும், சூடு கொடுக்கிற பெட்டி வேண்டும், அவ்வளவுதான்.

காங்கேயம்_செக்கு:
என் பாட்டில் கோரிக்கையை நான் விடவில்லை, வாங்குகிறவனுக்குத் தெரிய உரிமை உண்டு. அதே உரிமையில் பசை டப்பாவிலும் என்ன கரைப்பான், எத்தனை சதவீதம், முகர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழில் அச்சிட வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

ஆம்பூர்_அப்பர்:
டப்பாவில் அச்சிட்டால் மட்டும் போதாது அண்ணே. எங்களுக்கு வருவது பெரிய டின்னிலிருந்து ஊற்றிக் கொடுத்த பழைய பெயிண்ட் டப்பா, அதில் ஒரு எழுத்தும் கிடையாது. பெரிய டின்னை எங்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன், மூடியும் கேட்கப் போகிறேன். உறிஞ்சி கேட்க நான் ஒருவன் போதாது, வரிசையில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். வாத்தியார் சார், அந்த சிறுநீர்ப் பரிசோதனையின் பெயரைத் தமிழிலும் லேபில் சொல்கிற மாதிரியும் தனியாக எழுதிப் போடுங்கள், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன்.