கப்பல் லிஸ்ட்ல இருந்த ஊர்ப்பேரத் தேடிப் போன கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற ஒரு அக்காவுக்காக அவங்க பூட்டனோட ஊரக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் அலைஞ்சேன், இதே மாதிரி தேடிட்டு இருக்கறவங்களுக்கு உதவும்னு எழுதி வெக்கறேன். 1860ல இருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கற பகுதி) ஒப்பந்தக் கூலியா போனவங்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல, அதுல பெரும்பாலானவங்க மதராஸ்ல கப்பல் ஏறுனவங்க. கப்பல் லிஸ்ட்ல ஒவ்வொருத்தருக்கும் நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, உயரம், உடம்புல இருக்கற தழும்பு, அப்புறம் ஜில்லா, தாலுகா, கிராமம்னு எழுதி வெச்சிருக்காங்க. தழும்பு எந்தக் கால்ல இருக்குன்னு கூட தெளிவா இருக்கும், ஊர்ப்பேருதான் நம்மள சுத்தல்ல விட்டுடும்.

அக்கா அனுப்பின காகிதத்துல ஜில்லா எழுதியிருந்த ஓரம் கிழிஞ்சு போயிருந்துச்சு. மிச்சம் இருந்தது ஊர்ப்பேரு மட்டும், 'காரங்கூலி'. அவங்க வீட்ல மூணு தலைமுறையா அப்படியேதான் சொல்லிட்டு வந்திருக்காங்க, அதுல வர்ற கூலிங்கறது தாத்தா பாத்த வேலைனே நெனச்சிட்டு இருந்திருக்காங்க. பழைய இங்கிலீஷ் மேப்ப எடுத்துப் பாத்தா மதுராந்தகம் பக்கத்துல அதே ஸ்பெல்லிங்ல ஊர் இருக்கு, கர்நாடகப் போர்கள்ல அடிபட்ட கோட்டை, நம்ம கருங்குழி. ழ-வ எல்லாம் எல்-னு எழுதிட்டுப் போயிருக்காங்க, அவ்ளோதான்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு தடவ நேர்ல போனேன், வயசானவங்க யார் கிட்ட கேட்டாலும் கப்பல்ல போன குடும்பம்னு ஒரு துப்பும் கிடைக்கல, நானும் விட்டுடலாம்னே இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் போன்ல பேசிட்டு இருக்கும்போது, பாட்டி ஏதாவது தமிழ்ல சொல்லுவாங்களாக்கான்னு சும்மா கேட்டேன். அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா பாட்டி தூங்க வெக்கும்போது சொல்றது ஒண்ணு ஞாபகம் இருக்குன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு சொல்லா நிறுத்தி நிறுத்தி, "தண்ணில... வெளக்கு... எரிஞ்ச ஊரு"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. வடலூர் பக்கத்துல இன்னொரு கருங்குழி இருக்கே! வள்ளலார் 1858ல இருந்து 1867 வரைக்கும் தங்கியிருந்த ஊரு, எண்ணெய்னு நெனச்சுத் தண்ணிய ஊத்தி விளக்கு விடிய விடிய எரிஞ்சதுன்னு இன்னிக்கும் சொல்ற ஊரு. அதுக்கப்புறம் பெரிய ரெஜிஸ்டரோட ஸ்கேன் காப்பிய வாங்கிப் பாத்தோம், ஜில்லா தென்னாற்காடு. செங்கல்பட்டு இல்ல.

பாட்டி சொன்ன அந்த ஒரு வரி இல்லேன்னா நான் தப்பான ஊரக் காட்டி அனுப்பியிருப்பேன், அத நெனச்சா இப்பவும் பதறுது. அதனால சொல்றேன், காகிதத்த மட்டும் பாக்காதீங்க, வீட்ல யாருக்காவது அரைகுறையா ஞாபகம் இருக்கற பாட்டு, சாமி பேரு, ஆத்துப் பேரு எல்லாத்தையும் மொதல்ல கேட்டு எழுதிக்கோங்க.

பதில்:

அண்ணா, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. எங்களுக்கு ஊர்ப்பேரு சரியாதான் இருந்துச்சு, நாங்க மாட்டுனது எல்லைல. எங்க தாத்தா வழிப் பத்திரத்துல வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகான்னு இருக்கு. நாங்க என்னடான்னா வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டைன்னு இப்ப இருக்கற மாவட்ட லிஸ்ட்டையே துருவிட்டு இருந்தோம். 1911ல சித்தூர் தனி ஜில்லா ஆயிடுச்சு, 1953ல ஆந்திராவுக்குப் போயிடுச்சு, அதுலயும் திருத்தணி மட்டும் 1960ல திரும்பி இந்தப் பக்கம் வந்துச்சு. பத்திரம் எந்த வருஷமோ அந்த வருஷ மேப்பதான் பாக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. கடைசில ஊரக் கண்டுபிடிச்சுப் போனா போர்டு முழுக்க தெலுங்கு, ஆனா வயசான ஒரு அம்மா எங்க குலதெய்வத்தோட பேரச் சொன்னதும் தமிழ்லயே பேச ஆரம்பிச்சுட்டாங்க.

பதில்:

எங்க அம்மா வழி ஊரு மேப்லயே கிடையாது, மேட்டூர் டேம் கட்டுனப்போ தண்ணிக்குள்ள போன ஊர்கள்ல அதுவும் ஒண்ணு. டேம் 1934ல முடிஞ்சுது, அதுக்கு முன்னாடியே ஜனங்கள மேட்டுக்கு ஏத்திட்டாங்க. பாட்டி கிட்ட எந்த ஊருன்னு கேட்டா தண்ணியப் பாத்து கைய நீட்டுவாங்க. தண்ணி நல்லா எறங்குற வருஷத்துல பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும், பழைய சர்ச் கோபுரமும் தெரியும், அத அடையாளமா வெச்சு எங்க மாமாதான் வீடு எந்தத் திசைல இருந்துச்சுன்னு காட்டுனாரு. அவரும் இப்ப இல்ல. அன்னிக்கு போன்ல ஒரு வீடியோ எடுத்து வெச்சிருக்கேன், எங்க ஊருக்குன்னு எங்க கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்.

பதில்:

அண்ணா, எங்க தாத்தா பேப்பர்ல சேத்துப்பட்டுன்னு இருக்கு. சென்னைல இருக்கற சேத்துப்பட்டாதான இருக்கும்?

பதில்:

அவசரப்படாதம்மா, போளூர் பக்கத்துலயும் ஒரு சேத்துப்பட்டு இருக்கு, அது அப்போ வட ஆற்காடு. பேப்பர்ல தாலுகா கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு பெருசா ஒரு போட்டோ எடுத்துப் போடு, ஓரம் வெட்டாம முழுசா.