தெரிஞ்ச சொல்தான் கவுத்துவிடும்: பிரிட்டன் பேச்சுவழக்கு, உங்கள் அனுபவங்கள்

யார்க்‌ஷயர்க்காரன்
லீட்ஸில் "டீக்கு வாங்க" என்று அழைப்பு. ஊருக்குப் புதிதாக வந்த தம்பதி 4 மணிக்கே பிஸ்கட் டப்பாவோடு வாசலில். உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய கையோடு, அழைத்த அம்மா கதவைத் திறந்தது கண்ணிலேயே நிற்கிறது. வட இங்கிலாந்தில் பல வீடுகளில் டீ என்றால் சாயங்காலம் 5, 6 மணிக்குச் சாப்பிடும் சாப்பாடு. டின்னர் என்பது மத்தியானத்துக்கு. குடிக்கிற டீக்கு 'ப்ரூ' அல்லது 'கப்பா' என்பார்கள். 'ஹாஃப் சிக்ஸ்' நம்ம ஆறரையேதான், ஐந்தரை இல்லை.

வார்டு சிஸ்டர்
ராத்திரி டியூட்டி. 80 வயசுப் பாட்டி "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" (ஒரு பென்னி செலவழிக்கணும்) என்கிறார். கடை காலையில்தான் திறக்கும் என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள் புது நர்ஸ். பாட்டி கேட்டது பாத்ரூம். நனைந்த விரிப்பை மாற்றும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும், அதில் வந்த பேச்சு.

இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் இவற்றைப் படியுங்கள். 'வாட்டர்வொர்க்ஸ்' என்றால் சிறுநீர் சம்பந்தப்பட்டது. 'பேக் பாசேஜ்' ஆசனவாய், 'டிக்கர்' இதயம். 'போர்லி' என்றால் உடம்பு சரியில்லை, 'பீக்கி' என்றால் முகம் வெளிறியிருக்கிறது. "ஐவ் கம் ஓவர் ஆல் ஃபன்னி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள். திடீரென்று தலை சுற்றுகிறது, மயக்கம் வருகிறது என்று அர்த்தம். உடனே உட்காரவையுங்கள், பிபியும் சுகரும் பாருங்கள். "எ பிட் சோர்" என்பதையும் அப்படியே சார்ட்டில் எழுதவேண்டாம். வலியைக் குறைத்துச் சொல்வது வயசானவர்கள் பலருக்குப் பழக்கம். 0 முதல் 10 வரை எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். இருமச் சொல்லி முகத்தைப் பாருங்கள்.

கிழக்கு லண்டன்
யார்க்‌ஷயர் அண்ணா, தெற்கே அதே அழைப்புக்கு வெறும் டீயும் கேக்கும் இருக்கலாம். எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுவதுதான் வழி.

பழைய கார் பேரம் ஒன்று. விற்கிறவர் "ஐல் நாக் எ போனி ஆஃப்" என்றதும் தம்பி பெரிய தள்ளுபடி என்று கைகொடுத்துவிட்டான். போனி 25 பவுண்டுதான். மங்கி 500, கிராண்ட் 1,000. பவுண்டுக்குக் 'குவிட்', எத்தனை ஆனாலும் ஃபைவ் குவிட், டென் குவிட். பின்னால் 'ஸ்' சேராது.

ஆய்வு மாணவி
லண்டன் அண்ணா, போனியும் மங்கியும் லண்டனிலேயே எல்லாரும் பேசுவதில்லை. தினமும் நம் காலை வாரிவிடுவது 'குவைட்' என்கிற சொல். என் ஆய்வு வழிகாட்டி தாளின் ஓரத்தில் பென்சிலால் 'குவைட் குட்' என்று எழுதியதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, திருத்தாமல் அனுப்பிய அத்தியாயம் அப்படியே திரும்பி வந்தது. குட், நைஸ், இன்ட்ரஸ்டிங் முன்னால் குவைட் வந்தால் பெரும்பாலும் 'சுமார்' என்றே பொருள். பேச்சில் குவைட்டை அழுத்திச் சொன்னால் இன்னும் கீழே. 'குவைட் ரைட்', 'குவைட் இம்பாசிபிள்' மாதிரி பாதி என்பதே இல்லாத சொற்களோடு வந்தால்தான் 'முழுக்க'. அமெரிக்கப் பேச்சு கேட்டு வளர்ந்தவர்கள் குவைட்டை 'ரொம்ப' என்று எடுத்துக்கொண்டு இங்கேதான் மாட்டுகிறார்கள். அதே ஓரத்தில் 'நாட் பேட் அட் ஆல்' (நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்) என்று இருந்திருந்தால் தைரியமாக அனுப்பியிருக்கலாம்.